யாரைப் பிடிக்கலாம்?

இங்கிலாந்தில் பதினோரு வயதை எட்டும் பிள்ளை இருக்கிற வீடுகளில் மார்ச் 1ஆம் தேதி ஒரு தனி நாள். செப்டம்பரில் பிள்ளை எந்த செகண்டரி ஸ்கூலுக்குப் போகப்போகிறது என்று கவுன்சில் அன்றுதான் சொல்லும். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு நாளில், நான் வழக்கமாகப் பெட்ரோல் போடும் இடத்தில் இரவு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணை எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, ஆறு ஸ்கூல் போட்டனாங்கள். ஒண்டும் கிடைக்கேல்லை. ரெண்டு பஸ் மாறிப் போற தூரத்தில ஒண்டைத் தந்திருக்கிறாங்கள். ஆரைப் பிடிச்சால் வேலை நடக்கும்?”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ‘அண்ணை, இது ஊர் இல்லை, லண்டன். இங்க யாரையும் பிடிக்க முடியாது, எல்லாம் ரூல்ஸ்படிதான்’ என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்.

ஏன் பொய் என்று சொல்கிறேன். லண்டனில் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கலாம். எல்லோரும் இதை ‘சாய்ஸ்’ என்கிறார்கள். சட்டம் பெற்றோருக்குத் தருவது ‘விருப்பம்’ சொல்லும் உரிமை மட்டும்தான். நாம் விருப்பத்தைச் சொல்லலாம், தேர்ந்தெடுப்பது விதிகள். வழக்கமாகக் கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் முதலில், அப்புறம் ஏற்கனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள், அதற்குப் பிறகு தூரம். இடம் அதிகம் கேட்கப்படும் பள்ளிகளில் பெரும்பாலானவர்களின் கதையை முடிப்பது அந்தக் கடைசி விதிதான்.

தூரம் என்றால் என்ன? வீட்டின் விலை. நல்ல பள்ளியைச் சுற்றி அரை மைலுக்குள் வீடு வாங்க முடிந்தவனுக்கு இடம் உண்டு. முடியாதவனுக்கு ரெண்டு பஸ்.

எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் அதைத்தான் செய்தேன். என் பையனுக்கு நாலு வயது ஆனபோது வீடு தேடினோம். ஒவ்வொரு பள்ளியிலும் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்று கவுன்சில்கள் வெளியிடும். அந்த எண்களை எடுத்து, விற்பனைக்கு வந்த வீடுகளின் அஞ்சல் குறியீட்டோடு ஒப்பிட்டு, வட்டத்துக்கு வெளியே இருப்பதையெல்லாம் தள்ளிவிட பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நண்பர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பிடித்த ஆளுக்குப் பெயர் அடமானக் கடன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரில் எம்எல்ஏ லெட்டரோடு பள்ளி வாசலில் நின்ற அப்பாக்களைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். அந்த லெட்டரையே முப்பது வருடத் தவணையில் வாங்கிவிட்டு ‘மெரிட்’ பேசுகிறோம்.

சரி, இடம் கிடைக்காதவர்கள் என்னதான் செய்யலாம்? சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: அப்பீல். நம்மவர்களில் பாதிப்பேர் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. மீதிப்பேர் தட்டிவிட்டு அழுகிறார்கள். ரெண்டுமே வீண் என்பதுதான் என் சண்டை.

முதல் தவறு, கோபத்தில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்தால் வேறு நல்ல இடம் தேடித் தருவார்கள் என்று யாரோ வாட்ஸப்பில் கிளப்பிவிடுகிறார்கள். தரமாட்டார்கள், பிள்ளை பள்ளியே இல்லாமல் நிற்கும். கிடைத்ததை ஏற்றுக்கொள்வதால் அப்பீலோ வெயிட்டிங் லிஸ்ட்டோ பாதிக்கப்படாது. வெயிட்டிங் லிஸ்ட்டை டிசம்பர் 31 வரையாவது பள்ளி வைத்திருக்க வேண்டும். அதில் முதலில் பெயர் கொடுத்தவர் முன்னால் என்ற கணக்கும் இல்லை, அதே விதிகளின் வரிசைதான். நமக்குப் பின் வந்தவர் நம்மைத் தாண்டுவார், அதில் சதி எதுவும் இல்லை.

இரண்டாவது தவறு, அப்பீலில் போய் ‘எங்கள் பிள்ளை கெட்டிக்காரி, கொடுத்த பள்ளி மோசம்’ என்பது. அங்கே வந்திருக்கிற எல்லோர் பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளைதான். பள்ளியைச் சாராத, குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு கேட்பது வேறு. முதல் கட்டத்தில் ரெண்டு கேள்வி: விதிகள் சட்டப்படி இருந்து, சரியாகப் பின்பற்றப்பட்டனவா? இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கு உண்மையிலேயே பாதிப்பா? பாதிப்புதான் என்றால் இரண்டாம் கட்டம்: அந்தப் பாதிப்பைவிட இந்தப் பிள்ளையின் தேவை பெரிதா? ஆக, நமக்கு வேண்டியது முதலில் கேள்வி, பிறகு காரணம். கண்ணீருக்கு அங்கே தனி மதிப்பெண் இல்லை.

அண்ணையிடம் காரணம் கேட்டேன். “நல்ல ஸ்கூல் தம்பி, அதுதான்” என்றார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் வாய் திறந்தார். அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். இவர் இரவு வேலை முடிந்து நேராக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். அந்த நாட்களில் சின்னவனைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது மகள். அவன் படிக்கும் பிரைமரி ஸ்கூல், இவர்கள் கேட்ட செகண்டரி ஸ்கூலுக்குப் பக்கத்துத் தெரு. முன்பு அங்கேதான் குடியிருந்தார்கள். வாடகை ஏறியதால் தள்ளிப் போனார்கள், அதனால் தூரத்தில் அடிபட்டுப் போனார்கள்.

“இதை ஏன் அண்ணை ஃபாரத்தில எழுதல?”

“வீட்டு வருத்தத்தை வெளியில சொல்லுறதே, தம்பி?”

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சொல்லக்கூடாதது என்று நாம் மூடி வைக்கிற விஷயத்தை அந்தக் குழு முன்னால் திறந்து வைக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம், பிரைமரி பள்ளியின் கடிதம், வேலை நேர அட்டவணை மூன்றையும் சேர்த்து ரெண்டு பக்கம் எழுதினோம். கூடவே பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல்: கடந்த மூன்று வருடங்களில் ஏழாம் வகுப்பில் அறிவித்த எண்ணிக்கையைத் தாண்டி எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பெற்றோர் நியாயமாகக் கேட்கும் தகவலைப் பள்ளி கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். ரெண்டு வருடம் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. துணைக்கு ஒரு நண்பர் வரலாம் என்பதால் நானும் இருந்தேன். முதல் கட்டம் எல்லாப் பெற்றோருக்கும் சேர்த்து. நடைபாதை குறுகல், ஆய்வகத்தில் இடமில்லை என்று பள்ளியின் பிரதிநிதி வாசித்தார். கேள்வி உண்டா என்றார்கள். அத்தனை சின்னச் சின்னக் கட்டங்களிலும் மௌனம். நாங்கள் கேட்டோம், வேலையாகவே வழக்காடுபவர் போலிருந்த ஒரு அம்மா கேட்டார். அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் தனித்தனியே.

அண்ணையின் மகளுக்கு இடம் கிடைத்தது. இதை வெற்றிக் கதையாக வாசிக்காதீர்கள். விசாரணைக்கு வரும் செகண்டரி அப்பீல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் ஜெயிக்கிறது. அந்த மௌனக் கட்டங்களில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாம். டயாலிசிஸ் மார்ச் 1 அன்றும் இருந்தது. நடுவில் மாறியது ஒன்றுதான்: அதை ஆங்கிலத்தில் எழுத ஒருத்தன் கிடைத்தான். காசிருந்தால் எழுதித் தரவும் ஆலோசகர்கள் உண்டு. உரிமை எல்லோருக்கும் பொது, அதைப் பயன்படுத்தும் மொழியும் நேரமும் பொது இல்லை.

‘படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும்’ என்று ஒரு பழைய வசனம் உண்டு. அதைச் சொல்கிறவர்களின் வீடு எந்தப் பள்ளிக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் தருகிறேன்.

இன்னொரு கேள்வி நியாயமானது: அப்பீல் இடத்தைப் பெருக்குகிறதா? இல்லை. நிரம்பிய வகுப்பில் இன்னொரு நாற்காலியைச் செருகுகிறது, விதியை அப்படியே விட்டுவிடுகிறது. விதியையே மாற்ற முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. பிரைட்டன் நகரம் 2008 சேர்க்கையிலிருந்து, எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளிடையே தூரத்துக்குப் பதில் குலுக்கலைக் கொண்டுவந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்ததில் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? பள்ளிகளின் சேர்க்கை விதிகளுக்கு எதிராக மே 15க்குள் பள்ளி நடுவரிடம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். நம் சங்கங்கள் பொங்கலுக்கு ஹால் புக் பண்ணுகின்றன, பதினோரு வயதுக்கான தேர்வுக்கு டியூஷன் நடத்துகின்றன. இதை எழுதுவதில்லை.

அந்த அப்பீல் குழுவில் உட்கார்கிறவர்கள் நீதிபதிகள் இல்லை, சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கல்வித்துறை அனுபவமே இல்லாத ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சி கொடுப்பார்கள். நம்மில் ஆங்கிலம் தெரிந்த, வீட்டிலிருந்து வேலை பார்க்கிற, வருடத்துக்கு நாலு நாள் லீவு போட முடிகிற எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறோம்? அதுகூட வேண்டாம். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைப்ரரியில் லேப்டாப்போடு உட்கார்ந்து பத்துக் குடும்பங்களுக்கு அப்பீல் எழுதிக் கொடுக்கலாம். மறுப்பு தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் உண்டு, போதும்.

அண்ணையின் கேள்வியில் எந்தத் தவறும் இல்லை. ஆரைப் பிடிக்கலாம் என்று கேட்டார், என்னைப் பிடித்தார், வேலை நடந்தது. பெட்ரோல் நிலையத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசுகிற ஒரு இன்ஜினியர் பழக்கமில்லாத வீடுகளில் அந்த மார்ச் 1 எப்படிப் போனது என்பதைத்தான் நாம் யோசிக்கவேண்டியிருக்கிறது.