நாற்பது பேப்பர் செய்தும் மார்க்ஸ் ஏன் ஏறவில்லை?

ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் போன வருடம் எல்சற் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தா. கனடாவில் சட்டபீடத்துக்குப் போக விரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் எழுத வேண்டிய பரீட்சை அது. ஒருநாள் இரவு வட்ஸ்அப்பில் கூப்பிட்டா.

"நீ ஏ/எல்லுக்கு லொஜிக் தானே செய்தனீ? இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. நாப்பது பேப்பர் செய்திட்டன், 155ஐத் தாண்டுதே இல்ல. எனக்கு மூளை இல்லப் போல."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. அளவையியலும் விஞ்ஞானமுறையும் பாடத்தில் நான் ஏ எடுத்த ஆள். போலிகளின் பெயர்களை நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். அக்கா அனுப்பிய பத்துக் கேள்விகளையும் செய்து பார்த்தேன். நாலு பிழை.

அந்த நாலு பிழையில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

முதலில் பரீட்சையைப் பற்றி. எல்சற் புள்ளிகள் 120 முதல் 180 வரை. முன்பு அதில் 'லொஜிக் கேம்ஸ்' என்றொரு பகுதி இருந்தது. ஆறு பேரை ஆறு கதிரைகளில் இருத்துகிற மாதிரியான புதிர்கள். படம் கீறித்தான் செய்யவேண்டும் என்பதால் பார்வையற்ற விண்ணப்பதாரர்களுக்கு அது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். 2019இல் இணக்கம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் இருந்து அந்தப் பகுதியே இல்லை. இப்போது புள்ளி கிடைப்பது இரண்டு தர்க்கப் பகுதிகளுக்கும் ஒரு வாசிப்புப் பகுதிக்கும். தர்க்கப் பகுதி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 25 கேள்விகள், 35 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

ஆக, இப்போது அந்தப் பரீட்சை முழுவதுமே வாசிப்புத்தான். சின்னதாக ஒரு பந்தி வரும். அதில் ஒருவர் ஏதோ காரணம் சொல்லி ஒரு முடிவுக்கு வருவார். அவர் சொல்லாமல் விட்டது என்ன, எதைச் சொன்னால் அவருடைய வாதம் ஆட்டம் காணும் என்று கேட்பார்கள். போலியின் பெயர் தேவையில்லை. உண்மை அட்டவணையும் தேவையில்லை.

நானே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு ஊரில் நூலகம் திறந்தார்கள். அடுத்த வருடம் அந்த ஊரின் ஓ/எல் பெறுபேறு கூடியது. ஆகவே நூலகம்தான் காரணம். இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? 'பல ஊர்களில் நூலகம் இல்லை' என்பது ஒரு விடை. 'அதே வருடம் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் ஒருவர் புதிதாக வந்தார்' என்பது இன்னொன்று. முதலாவது உண்மையாக இருக்கலாம், ஆனால் வாதத்தைத் தொடவே இல்லை. அவசரத்தில் நாங்கள் அதைத்தான் போடுவோம். ஏனென்றால் விடை உண்மையா என்றுதான் பார்க்கிறோம், வாதத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று பார்ப்பதில்லை.

அக்கா என்ன செய்துகொண்டிருந்தா? பேப்பர் செய்வா, புள்ளி போடுவா, கவலைப்படுவா, அடுத்த பேப்பரை எடுப்பா. எங்கள் ஊர் ரியூசன் முறை அப்படியே விமானம் ஏறிப் போயிருக்கிறது! பாஸ்ட் பேப்பரை அடிச்சுக் கொட்டினால் சரி என்ற நம்பிக்கை. மீட்டு எழுதுகிற பாடத்துக்கு அது கைகொடுக்கும். இங்கே ஒரே கேள்வி திரும்ப வராது. பிழைதான் திரும்பத் திரும்ப வரும்.

அதனால் நாங்கள் பேப்பர்களைக் குறைத்தோம். கிழமைக்கு ஒன்று மட்டும். நேரம் வைத்துச் செய்யும்போது சந்தேகமான கேள்விகளுக்கு ஒரு புள்ளடி. முடிந்ததும் விடைப் பக்கத்தைத் திறக்கக்கூடாது. புள்ளடி போட்டவற்றை நேரமே பார்க்காமல் திரும்பச் செய்யவேண்டும். பிறகுதான் விடை. இதில் ஒரு விஷயம் வெளிச்சமாகும். முதல்தரம் பிழைத்து இரண்டாம்தரம் சரிவந்தால் பிரச்சினை வேகம். இரண்டு தரமும் பிழைத்தால் பிரச்சினை விளக்கம். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு.

பிறகு ஒரு கொப்பி. பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி. நான் போட்ட விடை என்னை எப்படி இழுத்தது? சரியான விடையை ஏன் தள்ளிவிட்டேன்? 'கவனயீனம்' என்று எழுதத் தடை. அது காரணமே இல்லை, சாட்டு.

மூன்று கிழமையில் கொப்பி பேசத் தொடங்கியது. அக்காவின் பிழைகளில் பாதிக்குக் கிட்ட ஒரே இடத்தில் இருந்தன. நிபந்தனை வசனங்கள். அங்கேதான் தமிழ் கைகொடுத்தது. "படித்தால் சித்தியடைவாய்" என்பதும் "படித்தால்தான் சித்தியடைவாய்" என்பதும் ஒன்றில்லை. படித்தும் ஒருத்தி பெயில் என்றால் முதலாவது பொய்யாகிவிடும். இரண்டாவது அப்படியே நிற்கும். அது படிக்காமல் சித்தியடைய முடியாது என்று மட்டும்தான் சொல்லுது. ஒரு 'தான்' நிபந்தனையைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. அக்கா ஆங்கிலத்தில் குழம்பும் வசனத்தை இப்படித் தமிழுக்கு மாற்றிப் பார்க்கத் தொடங்கினா. "அம்மா பேசுறதில இவ்வளவு லொஜிக் இருக்கெண்டு தெரியாதடி" என்று சிரித்தா.

வேகம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. கடைசி மாதம் மணிக்கூட்டோடுதான் மல்லுக்கட்டினோம். பிழைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது என்பதும் ஒரு பாடம். ஆனால் விளங்காததை வேகமாகச் செய்தால் பிழைதான் வேகமாக வரும். அக்காவுக்குக் கடைசியில் 161 வந்தது. உலகச் சாதனை இல்லை. ஆனால் 'மூளை இல்லை' என்ற கதை நின்றுபோனது.

என் கதை இனித்தான்.

முதலாம் வருடத்தில் ஒரு சீனியர் எங்களை இருத்திவைத்துச் சொன்னார்: "பகிடிவதை வாங்கின பட்ச் எல்லாம் ஒற்றுமையா இருந்தது. அதால உங்களுக்கும் அது தேவை." லொஜிக்கில் ஏ எடுத்த நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். பயம் ஒரு காரணம், உண்மை. ஆனால் அந்த வாதம் எனக்கு அப்போது சரிபோலத்தான் பட்டது. அதுதான் இப்போதும் உறுத்துகிறது. 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றம் என்கிறது. அதை விடுங்கள், வாதத்தைப் பாருங்கள். நூலகம் திறந்த ஊரின் அதே கதை. சேர்ந்து சமைத்தது, சேர்ந்து பரீட்சைக்குப் படித்தது, ஒரே அறையில் நாலு வருடம் கிடந்தது, இதில் எதுவும் அந்த ஒற்றுமைக்குக் காரணமாக இருக்க முடியாதா?

ஏ/எல்லில் அந்தப் போலிக்கு வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். எதிரில் ஒரு மனிதர் அதையே பேசியபோது அடையாளம் தெரியவில்லை. லொஜிக் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பாடமாக்குங்கோ, ஏ எடுங்கோ. கூடவே ஒரு கொப்பி வையுங்கோ. பத்திரிகையிலும் மேடையிலும் வீட்டிலும் உங்களைத் தலையாட்ட வைத்த வாதங்களை அதில் எழுதிப் பாருங்கோ, ஏன் தலையாட்டினீர்கள் என்றும் சேர்த்து.

என் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தச் சீனியரின் வசனம் இருக்கிறது.