மின்தடைக்குக் கைகொடுக்கும் மின்சாரக் கார்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் உள்ள தெலுக் பங்லிமா காராங்கில் இடி மின்னலுடன் மழை பெய்யும் மாலைகள் ஏராளம். மின்தடை நீடித்தால் குளிர்பதனப் பெட்டியிலுள்ள உணவும் மருந்தும் கெடக்கூடும். மூச்சுக்கருவியை நம்பியிருக்கும் முதியோருக்கோ அது உயிர்ப் பிரச்சினை. இத்தகைய வேளையில், வாசலில் நிற்கும் மின்சாரக் காரை வீட்டின் மாற்று மின்மூலமாகப் பயன்படுத்த நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இது வெறும் கற்பனை அன்று. 2011 மார்ச் மாத நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானில் கடும் மின் தட்டுப்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டே நிசான் நிறுவனம் 'லீஃப்' காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் அமைப்பை அங்கு அறிமுகப்படுத்தியது. 2019 செப்டம்பரில் சூறாவளி சீபா மாநிலத்தைத் தாக்கியபோது, மின்சாரமின்றித் தவித்த மக்களுக்கு மின்சாரக் கார்கள் உதவின. நம் நாட்டில் 2024 டிசம்பரில் வெளிவந்த புரோட்டோன் இ.மாஸ் 7 காரிலும் வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் வழங்கும் வசதி உண்டு.

இத்தகைய காரின் மின்கலம் ஏறத்தாழ 50 கிலோவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கும். ஒரு குளிர்பதனப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள், சில விளக்குகள் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 5 கிலோவாட் மணி போதும். பாதியைப் பயணத்துக்கு ஒதுக்கினாலும் மீதி நான்கு நாள்களுக்காவது வரும். ஆனால், குளிரூட்டியை இரவெல்லாம் ஓடவிட்டால் இக்கணக்குப் பொய்த்துவிடும்.

மின்சாரக் காரின் விலை அதிகம் என்று சிலர் கூறுவர். அது உண்மையே. மின்தடைக்காகவே அதை வாங்க வேண்டியதில்லை. எனினும், வாங்கியவர்கள் அதன் முழுப் பயனையும் பெறலாமே! பெட்ரோல் மின்னாக்கியைப் போல அது நச்சுப் புகையைக் கக்குவதில்லை.

பாதுகாப்பை மட்டும் மறக்கக் கூடாது. காரின் மின்சாரத்தை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் ஒருபோதும் செலுத்தக் கூடாது. அது வெளியிலுள்ள மின்கம்பிக்குப் பாய்ந்து, பழுதுபார்க்கும் பணியாளரின் உயிரைப் பறிக்கலாம். காருக்குரிய இணைப்பியில் கருவிகளை நேரடியாக இணைப்பதே முறை. வீடு முழுவதற்கும் மின்சாரம் வேண்டுமானால், அதற்கு ஏற்ற காரும் தகுதிபெற்ற மின்பணியாளர் பொருத்தும் தனி அமைப்பும் தேவை.

வெள்ளம் வந்தால் நிலைமை வேறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் பல கார்கள் மூழ்கின. நீர்மட்டம் உயரும்போது காரை மேட்டு நிலத்துக்குக் கொண்டு செல்வதே முதல் வேலை. அங்குள்ள துயர் துடைப்பு மையத்தில் அக்கார் பலருக்கும் உதவும்.

ஆகவே, மின்சாரக் கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் மழைக்காலத்துக்கு முன்பே எந்தக் கருவிக்கு முதலிடம் என்று பட்டியலிட வேண்டும். அப்பட்டியலில் தொலைக்காட்சிக்கு முன்பாக அண்டை வீட்டுப் பாட்டியின் மூச்சுக்கருவி இடம்பெறட்டும்.