நிவாரணப் பட்டியலும் ஓர் அமானிதம்தான்



கணினியில் ஊர் வேலை பார்க்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ள நேரம். வாவிக்கரை வீடுகளின் நிவாரணப் பட்டியல் என் லெப்டொப்பில் இருந்தது. இரண்டு தரம் பதிந்த பெயர்களை நீக்க, லினக்ஸில் சோர்ட் கட்டளையைக் கொடுத்து, வருவதை > குறி போட்டு அதே கோப்புக்குள் திருப்பினேன். கண் மூடித் திறக்க முன் கோப்பு வெறுமை. வீடு வீடாக எடுத்த பெயர்கள் எல்லாம் போயிற்று. ஒரு உம்மம்மா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து மறுபடி பெயர் கொடுத்தா. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

காரணம் இதுதான். > குறியைக் கண்டதும் ஷெல் முதலில் கோப்பை வெறுமையாக்கும். பிறகுதான் கட்டளை ஓடும். சோர்ட் வாசிக்க வரும்போது உள்ளே ஒன்றும் இருக்காது.

கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1924இல் கட்டிய பழைய பாலத்தை உடைத்துவிட்டா புதியதைக் கட்டினார்கள்? பக்கத்தில் கட்டி, 2013இல் திறந்த பிறகுதான் வாகனங்களைத் திருப்பினார்கள்.

கோப்புக்கும் அதே ஒழுங்குதான். வருவதை அதே ஃபோல்டரில் வேறு பெயரில் எழுதுங்கள். கட்டளை பிழையின்றி முடிந்ததா, வரிகள் சரியா என்று பாருங்கள். சரியென்றால் மட்டும் எம்வி கட்டளையால் பழைய பெயரைக் கொடுங்கள். ஸ்கிரிப்டில் என்றால் இடையில் && போடுங்கள்; முன்னது தோற்றால் பின்னது ஓடாது. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் எம்வி பெயரை ஒரே அடியில் மாற்றும். பார்ப்பவருக்குப் பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். அரைகுறையாக எதுவும் இராது.

"பேக்கப் இருக்கே சேர்" என்பார்கள். பேக்கப் வேண்டும்தான். 2023இல் ரன்சம்வேர் தாக்கியபோது அரசாங்க கிளவுட்டில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை; அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. ஆனால் பேக்கப் நேற்றையது. இன்று காலை பெயர் தந்தவர் அதில் இல்லை.

ஆகவே என் கருத்து: பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை மாற்றக் கற்றுக்கொடுக்கும் அதே பாடத்தில், பழையதைக் காக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஸகாத் பட்டியலோ புள்ளிப் பட்டியலோ, அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரின் ஹக்.

பள்ளிவாசல், சங்க வேலை பார்ப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.