இலக்கைக் கொஞ்சம் மறைத்து வைப்போம்

குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத மரபு வில்லை நான் பழகத் தொடங்கிய ஆறாம் மாதம், விரல்கள் என் சொல்லைக் கேட்க மறுத்தன. மஞ்சள் வட்டம் கண்ணில் பட்டதுமே அவை நாணை விட்டுவிடும். களனிக்குத் திரும்பினால் வாப்பாவின் முதல் கேள்வி, "இன்டைக்கு எத்தினை புள்ளி?" என்பதுதான்.

இது எனக்கு மட்டும் வந்த குறையல்ல. ஜப்பானிய மரபு வில்வித்தையான கியூடோவில், இப்படி முந்திக்கொண்டு அம்பை விடுவதற்கு 'ஹயகே' என்றே பெயர். அங்கே 28 மீற்றர் இலக்குக்கு எய்பவர்களும், சுமார் 2 மீற்றரில் வைத்த வைக்கோல் உருளைக்கு எய்து பழகுவார்கள். அதில் தவறவிட எதுவும் இல்லை. கவனம் முழுவதும் உடலில் நிற்கும்.

என் பயிற்றுநரும் இலக்குத் தாளைக் கழற்றிவிட்டார். ஒரு மாதம் வெறும் வைக்கோலுக்கே எய்தேன். நாணை முழுதாக இழுத்து, மூன்று எண்ணி, எய்யாமலே மெல்லத் தளர்த்தவும் பழகினேன். தாள் திரும்பி வந்தபோது விரல்கள் பொறுத்திருந்தன.

பெற்றோரே, பரீட்சைக் காலத்தில் 'ஒன்பது ஏ' என்பதும் எங்களுக்கு ஒரு மஞ்சள் வட்டம்தான். அதைக் கொஞ்சநாள் மறைத்து வையுங்கள். "எத்தனை புள்ளி?" என்பதை விட்டு, "இன்று என்ன விளங்கியது?" என்று கேளுங்கள். என் வாப்பா இப்போது அப்படித்தான் கேட்கிறார்.