'ஹெவி'யா ஒரு எம்சிபி!

தில்லி குளிர் ஆரம்பிச்சாச்சு. எதிர் ஃபிளாட் பெரியவர் வீட்டில் தினமும் எம்சிபி ட்ரிப். "வீக்கா இருக்காம் தம்பி, எலக்ட்ரீஷியன் ஹெவியா 32 போட்டுட்டான்" என்றார் நேற்று. பெருமை வேறு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம்ம பேச்சில் ஹெவி என்றால் உசத்தி. பட்டுப்புடவைக்குச் சரி, எம்சிபிக்கு இல்லைங்க. அது காப்பாற்றுவது ஹீட்டரை அல்ல, சுவருக்குள்ளே இருக்கும் ஒயரை. 16 ஆம்பியர் என்பது அதன் பலம் இல்லை, 'இதுக்கு மேலே நெடுநேரம் விடமாட்டேன்' என்கிற வரம்பு. கீசர் 2000 வாட், ஹீட்டர் 2000, கெட்டில் 1500. 230 வோல்ட்டில் ஏறக்குறைய 24 ஆம்பியர். மூன்றும் ஒரே லைனில் ஓடினால் ட்ரிப் ஆகத்தான் வேண்டும். 32 போட்டால் ஆகாது, ஒயர்தான் வேகும். தீப்பிடித்தால் அதற்கும் ஒரே பேர்தான், 'ஷார்ட் சர்க்யூட்'!

எலக்ட்ரீஷியனை மட்டும் திட்டுவானேன்? ட்ரிப் ஆனாலே கோளாறு என்று ஊர் பேசும்போது, இன்ஜினியர்கள் நாம் வாயைத் திறந்தோமா?

"இப்போ ட்ரிப் ஆகலையே தம்பி" என்கிறார் பெரியவர். இன்று சாயங்காலமே ஆளைக் கூட்டிப்போய் 16-ஐத் திரும்ப மாட்டி, கீசருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லப்போகிறேன்.