ஊசிக்குக் கையெழுத்திடும் முன்

கடந்த ஆண்டு தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சு குழறியது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மூளை நரம்புகளை மீட்க உதவும் பெப்டைட் ஊசியாம். 21 நாள் போட வேண்டுமாம். கட்டணம் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பாட்டி பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

ஊசியின் பெயர் செரிப்ரோலைசின். ஆஸ்திரிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. பன்றியின் மூளைப் புரதத்தை நொதிகளால் சிதைத்துச் சிறு பெப்டைடுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் ஆக்குகிறார்கள். நம் உடலிலுள்ள நரம்பு வளர்ச்சிக் காரணிகளைப் போல இவை செயல்படும் என்கிறார்கள். தாத்தா சுத்த சைவம். 'பன்றி' என்ற சொல்லை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

பலன் உண்டா? 2016இல் வெளிவந்த 208 பேர் பங்கேற்ற ஆய்வில், 21 நாள் ஊசி பெற்றவர்களின் கை அசைவு 90ஆம் நாளில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. அதே முறையில் நடந்த அடுத்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. ஏழு ஆய்வுகளில் பங்கேற்ற 1,600க்கும் மேற்பட்டோரின் விவரங்களை அலசிய காக்ரேன் அமைப்பு, இந்த ஊசி மரணத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்றது. கடுமையான பக்கவிளைவுகள் கூடலாம் என்றும் எச்சரித்தது. ரஷ்யாவிலும் சீனாவிலும் பரவலாகப் பயன்படும் இம்மருந்துக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ அங்கீகாரம் இல்லை.

மருத்துவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நிபுணரிடம் நேரே கேட்டதும், "கட்டாயமில்லை, பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார். கேட்டோம், பதில் கிடைத்தது. டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். அந்தத் தயக்கம்தான் ஆபத்து.

சங்கிலி பாட்டியின் கழுத்துக்குத் திரும்பியது. ஊசிக்கான பணம் இயன்முறை சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் போனது. இன்று தாத்தா கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார். இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். ஒருவர் தேறிய கதை எதையும் நிரூபிக்காது. 'ஊசி போட்டதும் எழுந்து நடந்தார்' என்று புலனத்தில் வலம் வரும் காணொளிக்கும் இதே அளவுகோல்தான்.

பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜெனட் இயோ 1996இல் தொடங்கிய நாசாம் சங்கம் இன்றும் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே 999ஐ அழைக்க வேண்டும் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஆங்கிலத்தில் பட்டம் படிக்கும் நமக்கு ஒரு கடமை உண்டு. வீட்டுக்கு வரும் மருத்துவத் தாளை வாசித்து, மூன்று கேள்விகள் கேட்போம்: இது எதிலிருந்து தயாரானது? யாருக்கு, எவ்வளவு பலன் தந்தது? போடாவிட்டால் என்ன ஆகும்? பதிலைத் தமிழில் பாட்டிக்குச் சொல்வோம். சங்கிலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை அதன்பிறகு அவரே முடிவு செய்யட்டும்.