தோற்கத் துணிந்த ஓர் ஆட்டம்

பேஸ்பாலில் வழக்கமாக ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர்கள் முறைவைத்து வீசுவர். 2024 உலகத் தொடருக்கு வந்தபோது, காயங்களால் நலிந்த லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியிடம் எஞ்சியோர் மூவரே: பிளாஹெர்ட்டி, யமமோட்டோ, பியூலர். நான்காம் ஆட்டத்தைத் தொடங்க ஆளில்லை. ஏற்கெனவே மூன்று வெற்றிகள் கையில் இருந்ததால், மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் தம் முதன்மை மாற்று வீச்சாளர்களை அன்று களமிறக்கவில்லை. நியூயார்க் யாங்கீஸ் 11-4 என வென்றது.

இதை ஆட்டத்தைக் கைவிட்டதாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. மறுநாள் பிளாஹெர்ட்டியால் இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்க இயலவில்லை. அணி 0-5 எனப் பின்தங்கியது. முந்தைய நாள் ஓய்வில் இருந்த டிரைனன் இரண்டு இன்னிங்ஸுக்கும் மேலாகத் தாங்கினார். 7-6 என்ற முன்னிலையைக் காக்க ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்தவரோ, இரு நாள்களுக்கு முன்புதான் மூன்றாம் ஆட்டத்தைத் தொடங்கிய பியூலர்!